கரைவலைப் பாட்டும் கட்டற்ற கருவியும்

கொட்டியாரக் குடாவின் கரையிலே விடியற்பொழுதில் நிற்பவன் இரண்டு ஓசைகளைக் கேட்பான். ஒன்று கடலோசை, அஃது என்றும் உள்ளது. மற்றையது கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு. அஃது அருகி வருகின்றது. முன்பாட்டுப் பாடுபவர் ஓரடியை எடுத்து விடுவார். கயிற்றைப் பற்றி நிற்போர் அதற்கு எதிரடி பாடுவர். எதிரடி விழும் இடத்திலேதான் அத்தனை கைகளும் ஒருங்கே இழுக்கும். பாட்டு நின்றால் வலையும் நிற்கும். உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலி வலையை இழுக்கும் இடங்களிலோ பாட்டுக்கு வேலையில்லை. வேலையற்ற பாட்டு எத்துணைக் காலம் வாழும் என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. முன்பாட்டுக்காரரின் வயதைக் கேட்டால் போதும்.

யான் தமிழ் கற்பிப்பவன். கணினி கற்றவன் அல்லன். இலக்கணமும் உரைகளுமே என் படிப்பு. அத்தகையவன் ஒருவன் லினக்ஸ் என்றும், ஒலிப்பதிவு மென்பொருள் என்றும் இவ்விலக்கியப் பக்கத்தில் எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். காரணம் கூறுகின்றேன்.

ஆசிரியப் பணியிற் புகுந்த புதிதில், 1990களின் நடுப்பகுதியில், ஒரு சிறு ஒலிப்பதிவுப் பெட்டியுடன் கிண்ணியாவின் கரையோரமெங்கும் அலைந்தேன். அந்நாளிலே இங்குப் பாலம் இல்லை. பாதையில் ஏறித்தான் அக்கரை செல்ல வேண்டும். போர்க்காலம் வேறு. கையிலே ஒரு பெட்டியும் கம்பியும் வைத்திருப்பவன் பல இடங்களிலே நின்று விடை கூற வேண்டியிருந்தது. எனினும் தாலாட்டு, வயற்பாட்டு, அம்பாப் பாட்டு எனப் பதினொரு ஒலிநாடாக்கள் நிறைந்தன. அவற்றை ஒரு தகரப் பெட்டியில் இட்டு வீட்டில் வைத்திருந்தேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையில் கடல் வந்தது. ஊரில் உயிர்களே அள்ளிச் செல்லப்பட்ட அந்த நாளில் ஒலிநாடாவை எண்ணி வருந்தியவன் எவனும் இல்லை, வருந்தவும் தகாது. பல மாதங்கள் கழிந்த பின்னரே அத்தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதிலே பாடியிருந்தவருள் இருவரும் அன்றே போயினர் என்பதும் அப்பொழுதே உறைத்தது.

இரண்டாம் முறை மாணவரைத் துணைக்கொண்டு தொடங்கினேன். 2017ஆம் ஆண்டு அது. விலைக்கு விற்கும் ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றின் ஒத்திகைப் பிரதியை மாணவர் ஒருவர் கணினியில் நிறுவித் தந்தார். பெயர் இங்கு வேண்டியதில்லை. அழகாக வேலை செய்தது. தவணை கடந்ததும் பூட்டிக்கொண்டது. உள்ளே ஆறு பாட்டுக்கள். அவை அம்மென்பொருளுக்கே உரிய வடிவிற் சேமிக்கப்பட்டிருந்தமையால் வேறொன்றினாலும் திறக்க இயலவில்லை. திறவுகோலுக்கு டொலரிலே விலை கேட்டது. பாடியவர் எம்மூரவர், பதிந்தவர் எம் மாணவர், கணினி எம்முடையது, எனினும் பாட்டைக் கேட்க அயலான் ஒருவனிடம் அனுமதி பெறவேண்டும்! அன்றுதான் “கட்டற்ற மென்பொருள்” என்னும் தொடரின் பொருள் எனக்கு விளங்கிற்று.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி சிறிது செய்தல் தகும். ஆங்கிலத்திலே விலையில்லாததற்கும் தடையில்லாததற்கும் ஒரே சொல்தான். ஆகலின் அம்மொழியார் ஒவ்வொரு முறையும் விளக்கவுரை கூற வேண்டியவராகின்றனர். நமக்கு அவ்விடர் இல்லை. விலை கொடாது பெறுவது இலவசம்; விலங்கின்றி ஆள்வது கட்டற்றது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எக்காரியத்திற்கும் இயக்குதல், அதன் உள்ளமைப்பைக் கற்றல், பிறர்க்கு வழங்குதல், திருத்தி வெளியிடுதல் ஆகிய நான்கு உரிமைகளும் பயன்படுத்துவோர்க்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். இரண்டும் கூடிய பணிசெயல் முறைமையே இன்று பழைய கணினிகளிலும் உயிர்த்து இயங்குகின்றது.

என்னை அறிந்த இளங்கவிஞர் ஒருவர், “யாப்பைக் கட்டு என்று நாங்கள் துறந்தால் சினக்கின்றீர்கள், மென்பொருளில் மட்டும் கட்டறுக்கப் புறப்பட்டீர்களே, சேர்!” என்று குத்தினார். நல்ல வினா. ஆனால், கட்டற்ற மென்பொருளுக்கும் ஒரு யாப்பு உண்டு என்பதை அவர் அறியார். குனு பொது உரிமம் என்பது ஒரு விதி. இம்மென்பொருளை மாற்றி வெளியிடுபவன் தன் மாற்றத்தையும் அவ்வுரிமைகளோடேயே வெளியிட வேண்டும் என்கின்றது அவ்விதி. கட்டு இருப்பதனாலேதான் கட்டின்மை நிலைக்கின்றது. கவிஞர் சிரித்தார், உடன்பட்டாரா என்பது வேறு.

இனித் தெரிவு. இசைக்கென லினக்ஸிற் கிடைக்கும் கருவிகள் பல. அவற்றைப் பெயர் சொல்லி அடுக்கினால் மாணவர் மயங்குவர். யானும் மயங்கினேன். முதலிற் கேட்கவேண்டிய வினா, “எது சிறந்தது?” என்பதன்று; “நான் செய்யப் போவது யாது?” என்பதே. தாள அடியைக் கட்டிக் கணினிக்குள்ளேயே இசை புனைய விரும்புவோர்க்கு எல்.எம்.எம்.எஸ். உண்டு; தாளத்திற்கே உரிய ஹைட்ரஜன் உண்டு. சுரக்குறிப்பை அச்சிட விரும்புவோர்க்கு மியூஸ்ஸ்கோர், றோஸ்கார்டன் ஆகியன உண்டு. இவை எமக்கு ஆகா. எமக்கு வேண்டியது மனிதக் குரலைப் பதிந்து, வெட்டி ஒட்டி, சேமித்தல். அதற்கு முன்னிற்பன இரண்டு: ஓடாசிட்டி, ஆர்டர்.

பெயர்ப்பொருள் கூறாது செல்லப் பண்டிதனுக்கு மனம் வராது. ஓடாசிட்டி என்பதற்குத் துணிவு என்று பொருள். ஆர்டர் என்பதைக் கேட்டவுடன் கட்டளை என்று எம் மாணவர் எண்ணினர், அஃதன்று. எழுத்து வேறுபட்ட மற்றொரு சொல் அது. பேரார்வம் என்பது பொருள். துணிவும் ஆர்வமும் இரண்டு கருவிகளுக்குப் பெயராயின. நன்றே!

ஓடாசிட்டி 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, றோஜர் டனன்பேர்க் என்னும் இருவரால் தொடங்கப்பெற்று 2000இல் வெளிவந்தது. ஒலியின் அலைவடிவம் திரையிலே படமாக நிற்கும். இருமிய இடத்தைக் கண்ணாற் கண்டு வெட்டலாம். ஒரு பிற்பகலில் மாணவர் கற்றுக்கொள்வர். ஆர்டர் போல் டேவிஸ் என்பவர் தொடங்கி வளர்த்தது. அது பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தின் முழு மேசையையும் கணினிக்குள் அமைத்தது போன்றது. பாடகர், உடன்பாடுவோர், றபான், புல்லாங்குழல் என ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்திற் பதிந்து, பின்னர் அளவறிந்து கலக்கலாம். எத்தனை வெட்டினாலும் மூலப்பதிவு அழியாது. ஆனால் கற்கப் பல வாரங்கள் செல்லும். அதன் மூலநிரல் கட்டற்றது. ஆக்கியோர் தளத்திலே ஆயத்தமாக்கிய பிரதிக்குப் பணம் கேட்பர். லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றின் களஞ்சியத்திலோ அஃது இலவசமாகவே வரும். இலவசமும் கட்டின்மையும் வேறு என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் இல்லை. இதற்கு மறுதலையும் உண்டு: விலையின்றி வழங்கப்பெறும் சில ஒலிப்பதிவு மென்பொருள்கள் லினக்ஸிலும் ஓடும், ஆயினும் பூட்டு அவற்றின் உள்ளேயே இருக்கும். ஆறு பாட்டை இழந்தவன் அவற்றை நாடான்.

ஒரு குரல், ஓர் ஒலிவாங்கி என்றால் ஓடாசிட்டி போதும் என்பது என் முடிபு. பள்ளி விழாவிலே எட்டுப் பேர் கூடிப் பாடினால் ஆர்டரை நாடுக. ஓடாசிட்டியைப் பழகாது ஆர்டரில் இறங்குதல், எழுத்தும் சொல்லும் கற்காது பொருளதிகாரத்திற் புகுவது போல்வது.

கணினி ஒலியை எங்ஙனம் பிடிக்கின்றது என்று மாணவர்க்கு விளக்க எனக்குத் தொல்காப்பியமே உதவிற்று. எழுத்தின் ஒலியளவைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடிப்பாலும் அளந்து மாத்திரை என்றனர் நம் முன்னோர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக் குறுக்கத்திற்குக் கால். கணினியும் காலத்தைத் துண்டுசெய்தே அளக்கின்றது. ஒரு வினாடியில் 48,000 முறை அது காற்றின் அழுத்தத்தை அளந்து எண்ணாக எழுதுகின்றது. கண்ணிமைப்பொன்றை வினாடியிற் காற்பங்கு என்று கொள்வோமாயின், ஒரு மாத்திரைக்குள் 12,000 அளவைகள்! மகரக் குறுக்கத்திற்கு 3,000. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வெண் வரையே கேட்கும்; அதனைப் பழுதின்றிப் பிடிக்க அதன் இருமடங்குக்கு மேல் அளக்கவேண்டும் என்பது விதி. குறுந்தட்டுக்கு 44,100 என்று வகுத்தமைக்கும் அதுவே அடிப்படை. ஒவ்வோர் அளவையையும் 16 இலக்கத்தில் எழுதினால் 65,536 படிகள். 24 இலக்கத்தில் எழுதினால் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள். முன்பாட்டுக்காரர் மெல்லத் தொடங்கித் திடீரென உரத்து எழுவார். ஆகலின் 24 இலக்கத்தில், ஒலிமட்டத்தைத் தாழ்த்தி வைத்துப் பதிக. மென்மையாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தலாம். உச்சம் தொட்டுச் சிதைந்ததை எவரும் மீட்க இயலாது.

மற்றோர் இடர், தாழ்வு. பாடுபவர் காதிற் கருவியை அணிந்து தம் குரலையே கேட்கும்போது அது சற்றுப் பிந்தி வரும். கணினி அளவைகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துக் கொடுப்பதே காரணம். தொகுதிக்கு 256 அளவை என்றால் 5.3 மில்லிவினாடி; 1,024 என்றால் 21.3. இவ்வெண்கள் மாணவர் மனத்திற் பதியவில்லை. கயிற்றைக் காட்டினேன். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்வது. 5.3 மில்லிவினாடி என்பது கயிற்றிலே உமக்கு அடுத்து நிற்பவரின் குரல் உம்மை வந்தடையும் நேரம், 21.3 என்பது ஏழு மீற்றருக்கு அப்பால் நிற்பவரின் குரல் வந்தடையும் நேரம். கயிற்றின் கடைசியில், ஐம்பது மீற்றருக்கு அப்பால் நிற்பவர்க்கு முன்பாட்டு வினாடியின் ஏழிலொரு பங்கு பிந்தியே கேட்கும். “அதனாலேதான் கடைசி ஆள் பாட்டைக் கேட்டு இழுப்பதில்லை, சேர், முன்னால் நிற்பவர் தோளைப் பார்த்து இழுப்பார்” என்றான் மீனவர் வீட்டு மாணவன் ஒருவன். எந்நூலிலும் யான் காணாத செய்தி.

லினக்ஸிலே இத்தாழ்வைக் குறைத்தற்கு முன்னர்ப் பெரும்பாடு பட வேண்டும். அல்சா என்பது ஒலியட்டையோடு பேசும் அடித்தளம். அதன்மேல் அன்றாட ஒலிக்குப் பல்ஸ்ஓடியோ, இசைப்பணிக்கு ஜாக். இரண்டும் ஒன்றோடொன்று பிணங்கும். ஜாக்கை எழுப்பினால் ஏனைய ஒலிகள் ஊமையாகும். இதனாலேயே லினக்ஸில் இசை ஆகாது என்று பலர் கைவிட்டனர், குற்றம் கூறுவதற்கில்லை. 2015இல் வந்த ஆர்டரின் நான்காம் பதிப்பு ஜாக் இன்றியும் இயங்கத் தொடங்கிற்று. பின்னர்ப் பைப்வயர் என்னும் புதிய அமைப்பு இரண்டின் வேலையையும் தானே ஏற்றது. 2021இல் பெடோராவும் 2022இல் உபுண்டுவும் அதனையே இயல்பாக அமைத்துக்கொண்டன. காலந்தவறாது பணி முடிக்கும் உடனிகழ்வுத் திறன் பல்லாண்டுகள் தனி ஒட்டாகவே இருந்து, 2024இல் லினக்ஸ் கருவின் 6.12ஆம் பதிப்பிலே சேர்க்கப்பட்டது. இப்பொழுது தொடங்குபவர்க்கு இவ்வரலாறு வேண்டியதில்லை. பைப்வயர் உள்ள புதிய வழங்கல் ஒன்றை நிறுவி, ஒலிவாங்கியைச் செருகிப் பதியத் தொடங்கலாம்.

இங்கு எம் இரண்டாம் இழப்பையும் கூறிவிடுதல் நேர்மை. ஓடாசிட்டியின் பழைய பதிப்புக்கள் ஒரு பதிவை இரு கூறாகச் சேமித்தன: குறிப்பு மட்டும் அடங்கிய ஒரு சிறு கோப்பு, ஒலி முழுதும் துணுக்குத் துணுக்காக அடங்கிய ஒரு கோப்புறை. 2019இல் எம் மாணவர் அச்சிறு கோப்பை மட்டும் பென் டிரைவிற் படியெடுத்துவிட்டு, இடம் போதாமையால் கணினியைத் துடைத்தனர். ஓலைச்சுவடியின் முகப்பேட்டை எடுத்துக்கொண்டு ஏடுகளை ஆற்றில் விட்டது போலாயிற்று. குற்றம் கருவியினுடையதன்று, கையேட்டைப் படியாத ஆசிரியனுடையது. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் யாவும் ஒரே கோப்பில் அடங்குகின்றன. எனினும் அக்கோப்பையும் நம்பி இருத்தலாகாது. அது வேலைத்தாள் மாத்திரமே. வேலை முடிந்தவுடன் வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் ஏற்றுமதி செய்து வைக்கவேண்டும். ஒற்றைத் தடத்தில், 48,000 அளவையும் 24 இலக்கமுமாக ஒரு மணி நேரம் பதிந்தால் வேவ் வடிவில் ஏறத்தாழ 518 மெகாபைட் கொள்ளும். ஃபிளாக் அதனைப் பெரிதும் சுருக்கும். சுருக்கினும் ஓர் அளவையையும் இழவாது. எம்.பி.3 அங்ஙனமன்று; செவிக்குத் தோன்றா எனக் கருதியவற்றைக் களைந்துவிடும். நண்பர்க்கு அனுப்ப எம்.பி.3 ஆகும், மூலப்பிரதியாக வைக்க ஆகாது. சுவடியைப் பாதுகாப்பவன் பொழிப்புரையை வைத்துக்கொண்டு மூலத்தை எறிவானா?

இரைச்சல் நீக்கம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பாட்டில்லாத ஓரிடத்தைக் காட்டி, “இதுவே இரைச்சல்” என்று ஓடாசிட்டிக்குக் கற்பித்தால் அது பதிவு முழுவதிலும் அதனைக் குறைக்கும். மின்விசிறியின் முழக்கத்திற்கு இது மருந்து. மாணவர் அதன் சுவை கண்டு, கடற்கரையில் எடுத்த அம்பாப் பாட்டிலும் கையாண்டனர். அலையோசை போயிற்று, உடன் சகரமும் ஆய்தமும் போயின. குரல் தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் ஒலித்தது. அலையின் இரைச்சலும் மூச்சொலி எழுத்துக்களும் ஒரே பரப்பில் நிற்பனவாதலின் கருவிக்குப் பகுத்தறிய இயலவில்லை. எனக்கோ வேறொரு மறுப்பும் உண்டு. அலையை நீக்கிய அம்பாப் பாட்டு யாருக்கு வேண்டும்? காற்று ஒலிவாங்கியில் மோதும் தடதடப்பை மட்டும் பதியும்போதே தடுக்கவேண்டும். ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை இடுக. எம் மாணவியர் பழைய துவாயைத் தைத்து உறையிட்டனர், நன்றாகவே உதவிற்று.

ஓடாசிட்டியைப் பற்றி எழுந்த ஒரு பூசலையும் மறைக்கலாகாது. 2021இல் அது மியூஸ் குறூப் என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பயன்பாட்டுத் தரவுகளைத் திரட்டும் ஏற்பாடொன்றைச் சேர்க்க அவர்கள் முன்மொழிந்தபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது, அம்முன்மொழிவு கைவிடப்பட்டது. பின்னர் வந்த தனியுரிமை அறிவிப்பும் கண்டிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. சிலர் மூலநிரலை எடுத்துக்கொண்டு டெனாசிட்டி என்னும் தனிக் கிளையையே தொடங்கினர். பூட்டிய மென்பொருளில் இது நடவாது. உரிமையாளன் மாறினால் பயன்படுத்துவோன் பணிதல் வேண்டும், அல்லது விலகல் வேண்டும். இங்கோ மூன்றாம் வழி ஒன்று திறந்திருந்தது.

2022இல் டொலர் ஏறி, மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி வரை நீண்ட காலத்தை மறந்தார் யார்? அக்காலத்தில் ஆண்டுச் சந்தா கட்டும் மென்பொருளை எந்தப் பாடசாலை வைத்திருக்க இயலும்? எம் பழைய மடிக்கணினியில், மின்கலம் தாங்கும் இரண்டு மணிக்குள், லினக்ஸும் ஓடாசிட்டியும் கொண்டு பதின்மூன்று பாட்டுக்களைப் பதிந்தோம். கண்ணங்கராவின் இலவசக் கல்வியாற் படித்தவன் யான். என் மாணவர்க்குக் கருவியும் அங்ஙனமே கிடைத்தது.

யாழ் நூல் ஆசிரியர் விபுலாநந்த அடிகளை இவ்வேளை நினைக்கின்றேன். எமது மாவட்டத்திலே, திருகோணமலை இந்துக் கல்லூரியிலே பணியாற்றியவர் அவர். எவரும் கேட்டறியாத யாழின் நரம்புகள் எங்ஙனம் ஒலித்திருக்கும் என்பதைச் சிலப்பதிகாரத்தையும் கணிதத்தையும் கொண்டு ஆண்டாண்டாக ஆராய்ந்தார். நூல் 1947இல் வெளிவந்தது. அவ்வாண்டே அவர் மறைந்தார். ஒரேயொரு பாணனின் ஒரேயொரு பாட்டு ஒலியாக எஞ்சியிருந்தால் அவர்க்கு அத்தனை உழைப்பு வேண்டியிருந்திராது.

எம் பதிவுகளின் பிரதிகள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன: பாடசாலைக் கணினியில் ஒன்று, கடலுக்கு எட்டாத உள்ளூரில் உறவினர் வீட்டில் ஒரு வன்தட்டில் ஒன்று, வலையகச் சேமிப்பில் ஒன்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் காத்துவருவதை அறிவீர்கள். ஒலிக்கும் அங்கே இடமுண்டு என்பதைப் பலர் அறியார். ஒவ்வொரு கோப்புடனும் பாடியவர் பெயர், ஊர், பதிந்த நாள், பாட்டின் வகை ஆகியவற்றை எழுதி வைக்குமாறு மாணவர்க்குக் கூறியுள்ளேன். பாடியவரிடம் முன்னரே ஒப்புதல் பெறுதலும் வேண்டும். அது கருவியில் இல்லாத பகுதி. ஆசிரியன் கற்பிக்க வேண்டியது.

சென்ற மாதம் பெரியாற்றுமுனைப் பக்கத்தில் ஒரு முதியவரைப் பதிந்தோம். எண்பதைக் கடந்தவர், கயிற்றைத் தொட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆயின என்றார். நாற்காலியில் அமர்த்தினோம், பாட்டு வரவில்லை. இரண்டடி பாடி நிறுத்திவிட்டார். மாணவன் ஒருவன் வெளியே சென்று தோணி கட்டும் கயிறொன்றைக் கொண்டுவந்து, ஒரு நுனியை அவர் கையிற் கொடுத்து, மறுநுனியைத் தான் பிடித்துக்கொண்டான். “இழுங்க, மூத்தாப்பா” என்றான். அவர் இழுத்தார், பாட்டும் வந்தது. இருபத்திரண்டு நிமிடங்கள். திரையிலே அலைவடிவம் எதிரடிதோறும் உயர்ந்து தாழ்ந்து சென்றது. இறுதியில் மூச்சு வாங்க அவர் கயிற்றைக் கீழே விட்டு, என்னைப் பார்த்து, “பதிஞ்சிச்சா, மகன்?” என்று கேட்டார். அக்கேள்வியையும் கோப்பிலிருந்து வெட்டவேண்டாம் என்று மாணவரிடம் கூறிவிட்டேன்.